நெட்டி முறிக்கும் சுவர்

ஆறு வருடங்களாக அந்தச் சோதனைத் துப்பாக்கியின் முன் நிறுத்திய எந்தத் தகட்டுத் துண்டும் உடைந்ததில்லை. நடுவில் குழி விழும், விளிம்பு கொஞ்சம் வளையும், மயிரிழை போல நாலைந்து கோடுகள் ஓடிப் பாதியில் நின்றுவிடும். சுகிர்தா அந்தக் கோடுகளை அளந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போய்விடுவாள். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, சுட்டு முடித்து அறைக் கதவைத் திறந்தபோது, பிடிப்பானில் துண்டே இல்லாததைப் பார்த்து, பொருத்த மறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

தரையில் கறுப்பு மணல் போல ஏதோ மின்னிக்கொண்டிருந்தது.

"என்னுங்க அம்மணி, பொடியாப் போச்சுங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டான் மயில்சாமி. கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறையிலிருந்து நிலவுக்கு வந்தவன். கரைமேடு குடியிருப்பின் சுவர்த் தகடுகள் எல்லாம் அவன் கையால் வார்த்தவை. புதிய வாசல் ஒன்றுக்காகச் சுவரில் ஒரு பழைய தகட்டைக் கழற்றி அறுத்தபோது, சீவல் சுருளாக வராமல் தூளாகக் கொட்டியிருக்கிறது. சந்தேகப்பட்டு, அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான்.

சுகிர்தா துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். மூலை, முடுக்கு, பிடிப்பானின் இடுக்கு என்று ஒரு பொடி விடாமல் பெருக்கினாள். பயம் அவளிடம் எப்போதும் இப்படித்தான் வரும். கத்தாது, அழாது. கையில் ஒரு வேலையைக் கொடுத்து, அது முடியும்வரை யோசிக்காதே என்று சொல்லும்.

"அம்மணி, பெருக்குனது போதுங்க. இன்னொண்ணு சுடுங்க."

இரண்டாவது துண்டும் பொடியானது. மூன்றாவதும்.

"மாதிரித் துண்டு ஒண்ணு வச்சுச் சுட்டுப் பாருங்க," என்றான் மயில்சாமி.

தகடு வார்க்கும்போதே அதே உருகலில் சின்னச் சின்னத் துண்டுகளும் வார்த்து, வெளியே ஒரு சட்டத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வருடத்துக்கு இரண்டு எடுத்துச் சுடுவது வழக்கம். சுவரைப் போலவே அவையும் வெயிலிலும் குளிரிலும் கிடக்கின்றன, சுவருக்கு என்ன ஆகிறதோ அதுதான் அவற்றுக்கும் ஆகும் என்பது கணக்கு. அப்படி ஒன்றை வைத்துச் சுட்டாள். குழி விழுந்தது. நான்கு கோடுகள் ஓடி நின்றன. உடையவில்லை.

ஒரே உருகல், ஒரே வயது. ஒன்று தாங்குகிறது, ஒன்று மணலாகிறது. காரணம் சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல இன்னும் கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்பட்டாள்.

"சூட்டுப்பட்டை," என்றாள் கடைசியில். "சுவர்ல இருக்கு. மாதிரிச் சட்டத்துல இல்ல."

"அதுல எதுக்குங்க போடறோம்? அது சத்தம் போட்டா யாருக்குக் கேக்கப்போகுது?"

சொன்ன பிறகுதான் மயில்சாமிக்குத் தான் சொன்னது புரிந்தது. அப்படியே சுவரில் சாய்ந்தான். பிறகு, அது எந்தச் சுவர் என்று நினைவு வந்தவனாக விலகி நின்றான்.

நிலவில் பதினான்கு நாள் பகல், பதினான்கு நாள் இருட்டு. சூரியன் மறைந்ததும் சுவர்த் தகடுகள் சுருங்கும். சுருங்கும்போது ஒவ்வொன்றும் படீரென்று ஒரு சத்தம் போடும். யாரோ ஒரு பெரிய ஆள் விரல் விரலாக நெட்டி முறிப்பது போல இருக்கும். வீடுகள் எல்லாம் சுவரை ஒட்டியே இருந்ததால் சத்தம் கட்டில் காலில் ஏறி எலும்புக்குள் வந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால், வாரக்கணக்கில் தூக்கம் கெட்ட ஜனங்கள் மனு எழுதினார்கள். தகடுகளின் உள்பக்கம் சூட்டுப்பட்டை ஒட்டி, இருட்டிலும் பகல் சூட்டிலேயே வைத்திருக்கலாம், சுருங்காது, சத்தம் வராது என்று யாரோ யோசனை சொன்னார்கள். தகட்டுக்குப் பாதகமில்லை என்று சோதனைப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். சுகிர்தா மூன்று மாதம் சூட்டில் வைத்த தகட்டை அழுத்த எந்திரத்தில் கொடுத்து, மெதுவாக வளைத்துப் பார்த்தாள். நன்றாகத் தாங்கியது. வேகமான அடிக்கு எப்படி என்பதை வருடாந்தரத் துண்டுகள் காட்டிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மனுவில் முதலில் இருந்த பெயரும் அவளுடையதுதான். கைக்குழந்தைக்குத் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தாள். அது பொய். பத்து மாத ரோஸ்லின் சத்தத்தில் அயர்ந்து தூங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தவள் சுகிர்தா. புருஷன் பூமிக்குத் திரும்பிப்போன வருடம் அது. பயமாக இருக்கிறது என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. குழந்தையின் பெயரில் சொன்னாள்.

குடியிருப்பு மேலாளர் சௌந்தரவல்லியின் அறைக்கு அன்று மதியமே இருவரும் போனார்கள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள் சௌந்தரவல்லி.

"கடலைமிட்டாய் தெரியும்ல மேடம்?" என்றாள் சுகிர்தா. "பாகு உறைஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவுல கடலை. நம்ம தகடும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி உறைஞ்ச உலோகம், அதுக்குள்ள மெத்துனு சின்னச் சின்ன மணிகள். விரிசல் ஓடி வந்தா மணி கொஞ்சம் நசுங்கிக் குடுத்து அதை நிறுத்திடும்."

"அப்புறம் என்ன?"

"மெதுவா வந்தா நிறுத்தும். விண்கல் வர்ற வேகத்துல மணிக்கு நசுங்க நேரமே கிடைக்காது. அப்ப பாகுதான் தாங்கணும். நாம ஆறு வருஷமா அதைச் சூட்டுலயே வச்சிருக்கோம். உள்ள இருக்கிற கொஞ்சநஞ்ச இடைவெளியும் அடைஞ்சு, இறுகிப்போச்சு."

"இலவம்பஞ்சு மெத்தைங்க மேடம்," என்றான் மயில்சாமி. "படுத்துப் படுத்துக் கட்டி தட்டிப்போயிரும். எடுத்து அடிச்சு உதறுனாத்தான் மறுபடி மெத்துனு வரும். அந்தக் குளிரும் வெயிலும்தான் இத்தனை நாளா உதறிக்கிட்டு இருந்துச்சுங்க. நாம அதை நிறுத்திப்போட்டோம்."

சௌந்தரவல்லி நாள்காட்டியைப் பார்த்தாள். "இன்னும் பதினோரு நாள்ல அந்த வால்நட்சத்திரத் தூசிக்குள்ள போறோம். தெரியும்ல?"

"அதுக்குத்தான் ஓடி வந்தோம். நாளன்னிக்கு இருட்டு தொடங்குது. பட்டையை அணைச்சுக் குளிரவிடணும், மறுபடி சூடு பண்ணணும், மறுபடி அணைக்கணும். ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஏழு தடவை பண்ணினா ஓரளவு திரும்ப வந்துடும்னு நினைக்கிறேன். ஆனா முதல் தடவை குளிரும்போதே சில தகடு விரிஞ்சாலும் விரியும். எல்லாரையும் நடுக்கூடத்துக்கு மாத்தணும்."

"கூடத்துல விழுந்தா?"

"கூடத்துக்குக் கூரை தனி. பழைய எஃகு. சின்னக் கல்லுன்னா தாங்கும். வெளிச் சுவர் மொத்தமாப் போனா, காத்தும் போயிடும்."

"சரி. பராமரிப்பு வேலைன்னு அறிவிச்சுடறேன். காரணம் யாருக்கும் தெரிய வேணாம். நானூத்திப் பன்னெண்டு பேரு. ஒருத்தருக்குப் பைத்தியம் பிடிச்சா போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கும் அதுதான் நல்லது சுகிர்தா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் சுகிர்தாவுக்கு உடம்பு லேசானது. நடைவழியில் வரும்போது, அந்த லேசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சுவருக்காக இல்லாமல் என் பெயருக்காகவா இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தேன்? இல்லை, இரண்டுக்கும்தான் என்று மனசு சமாதானம் சொன்னது. எந்தப் பயம் பெரிது என்று பிரித்துப் பார்க்க அவள் துணியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சூரியன் இறங்கியது. ஜனங்கள் பாயும் தலையணையுமாக நடுக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பட்டைகளை அணைத்தார்கள். சுகிர்தாவும் மயில்சாமியும் வெறிச்சோடிய வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தார்கள். பட்டறையில் மோட்டார் ஓட்டத்தைக் கேட்பது போல, திருப்புளியின் முனையைத் தகட்டில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ வடக்கே, படீர்.

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை.

"எந்திரிங்க அம்மணி. அது நல்ல சத்தமுங்க. உசுரோட இருக்கற தகடு இழுத்துப் புடிச்சுக்கிட்டுச் சுருங்குது. சத்தம் வராததுக்குத்தான் நாம பயப்படோணும்."

அது மத்தியானம் நாற்பத்தேழாம் தகட்டில் நடந்தது. பக்கத்துத் தகடுகள் எல்லாம் நெட்டி முறித்து ஓய்ந்தன. இது மட்டும் வாயே திறக்கவில்லை. மயில்சாமி பெயின்டைச் சுரண்டி விளக்கடித்தான். மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு, பேனாவால் போட்டது போல.

"ஏற்கெனவே விட்டுப்போச்சுங்க. இழுக்கறதுக்கு இதுல ஒண்ணும் மிச்சமில்ல. வெளிய போயி மண்மூட்டை அடுக்குனா தூசிக்குத் தாங்கும்."

"இது மாதிரி இன்னும் எத்தனை?"

"இருநூத்தி நாப்பது தகடு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல முறிக்குது. எது முறிச்சுது, எது முறிக்கலைன்னு ரெண்டு பேரு எங்கீங்க பாக்கறது? ஒரு தகட்டுக்கு ஒரு ஆளு நிக்கோணும். ஏழு நாளும்."

சுகிர்தாவுக்குப் புரிந்தது. இருநூற்று நாற்பது பேரைச் சுவரோரம் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். காரணம் சொல்லாமல் நிறுத்த முடியாது.

நடுக்கூடத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சமையல்கூடத்துப் பாத்துமுத்து பெரிய அண்டாவிலிருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி தூரத்திலிருந்தே சுகிர்தாவின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள். சுகிர்தா ஒரு பெஞ்சின் மேல் ஏறினாள். முதல் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை, திரும்பச் சொன்னாள். தகடு கண்ணாடி போல இறுகிப்போனதைச் சொன்னாள். மாதிரித் துண்டில் பட்டை இல்லாததைச் சொன்னாள். கையெழுத்து தன்னுடையது என்று சொன்னாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"குழந்தைக்குத் தூக்கம் வரலேன்னு மனு எழுதினேன். வராதது எனக்குத்தான். எனக்குப் பயமா இருந்துச்சு."

கரண்டியும் கையுமாகப் பாத்துமுத்து நிமிர்ந்தாள்.

"ஏம்மா, ஒங்களுக்குப் பயமா இருந்துச்சுன்னு எங்க தலையில கண்ணாடியைக் கவுத்து வச்சிட்டியளா?"

"ஆமா."

"ஆமாவா! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு!" என்று கத்தினாள் பாத்துமுத்து. யாரோ பின்னால் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒரு தட்டு பறந்து வந்து பெஞ்சின் காலில் மோதியது. சுகிர்தா இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எம் பேரு அந்த மனுவுல ரெண்டாவதா இருக்கும்," என்றாள் பாத்துமுத்து, கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல். "எனக்கும்தான் அந்தச் சத்தம் ஆகாது." கரண்டியை அண்டாவில் போட்டாள். "சரி, எந்தத் தகட்டுல போயி நிக்கணும்? சொல்லு. திட்டுறதை அங்க நின்னே திட்டிக்கிறேன்."

ஏழு நாள். வீட்டுக்கு வீடு, தகட்டுக்குத் தகடு, கையில் கிடைத்த கரண்டி, திருப்புளி, சீப்பு, எதையாவது காதுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். முறித்ததும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பதினோரு தகடுகள் ஊமையாக இருந்தன. மயில்சாமியின் ஆட்கள் வெளியே போய் மண்மூட்டை அடுக்கினார்கள். ஒவ்வொரு நாளும் முறித்த தகடுகளில் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதிதாக வார்த்ததை மாட்டி, கழற்றியதிலிருந்து துண்டு வெட்டிச் சுட்டாள் சுகிர்தா. மூன்றாம் நாள் இரண்டாகப் பிளந்தது. ஐந்தாம் நாள் கோடுகள் விளிம்புவரை ஓடின. ஏழாம் நாள் கோடுகள் வழியில் நின்றன. அதைப் பார்த்துவிட்டு அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பெருக்க ஒன்றும் இல்லை.

தூசி இரண்டு நாள் பெய்தது. கூடத்தில் குந்தியிருந்தவர்களுக்கு, தூரத்துத் தகரக் கொட்டகையில் யாரோ சரளை வீசுவது போல அவ்வப்போது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நானூறு பேர் ஒரே மூச்சாக இழுத்தார்கள். ரோஸ்லின் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, "இது சுவரா, கல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்து போய்ப் பார்த்தபோது முப்பத்தாறு குழிகள் இருந்தன. ஒன்றுகூடத் துளையாகவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சுகிர்தாவைக் கட்டிப் பிடித்தவர்கள் குறைவு.

சூட்டுப்பட்டைகள் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தார்கள். இனி ஒவ்வொரு முறை சூரியன் இறங்கும்போதும் அவரவர் வீட்டுத் தகடு முறிக்கிறதா என்று கேட்டு, அட்டையில் குறித்து, மயில்சாமியிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

சத்தத்துக்கு நடுங்கிய ஜனங்கள் இப்போது அதன் தாமதத்துக்கு நடுங்கினார்கள். முதல் மாதம், தங்கள் தகடு அரைமணி நேரம் பேசவில்லை என்று மூன்று குடும்பங்கள் பாயோடு நடைவழிக்கு ஓடிவந்தன. இரண்டாவது மாதம் ஒருவருக்கு மயக்கமே வந்தது. மூன்றாவது மாதம் சில அட்டைகளில் எல்லா நேரமும் ஒரே மாதிரி குறித்திருந்தது. காத்திருக்க முடியாமல் முன்கூட்டியே எழுதிவிட்டார்கள் என்று மயில்சாமி சொன்னான். "ஜனங்க பயத்துக்கு நான் ஏதாவது செஞ்சாகணும் சுகிர்தா," என்று சௌந்தரவல்லியும் ஒருநாள் சொன்னாள். சுகிர்தா தலையாட்டினாள். அவளுக்கும் காத்திருக்கும்போது பயமாகத்தான் இருந்தது.

நான்காவது மாதம் சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் இறங்கியது. ரோஸ்லின் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சுகிர்தா அட்டையும் பேனாவுமாகச் சுவரோரம் நாற்காலியைப் போட்டாள்.

நாலு பத்துக்கே படீர் என்றது. உடனே இன்னொன்று. நடைவழி முழுக்க, வீட்டுக்கு வீடு, ஒரே சீராக நெட்டி முறிக்கும் சத்தம். "இந்தத் தடவை சீக்கிரமே வந்திருச்சு, அல்லாவுக்கு நன்றி!" என்று பாத்துமுத்து எதிர் வீட்டு வாசலில் சிரித்தாள். கதவுகள் திறந்தன. யாரோ டீ போடட்டுமா என்று கேட்டார்கள். சுகிர்தாவுக்கும் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. நேரத்தைக் குறித்தாள், கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்கும்போது, ஊன்றிக்கொள்ளச் சுவரில் கை வைத்தாள்.

படீர் என்றது. அவள் உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை.

கையை எடுக்காமல் நின்றாள். மறுபடி படீர். தகட்டில் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. அது இன்னும் பகல் சூட்டோடு வெதுவெதுப்பாக இருந்தது. சுருங்கவே தொடங்காத தகடு. அடுத்த சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாள். அது சுவரிலிருந்து வரவில்லை. வாசலுக்கு மேலே, அறிவிப்புகளுக்காக என்று போன வாரம் நிர்வாகம் வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டுப் போன புது ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

நடைவழியில் டீ டம்ளர்கள் கலகலத்தன. இருநூற்று நாற்பது தகடுகளுக்கும் அட்டைகள் பூர்த்தியாகிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது எல்லோருக்கும். தனக்கும்.

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்குள் அமைதி விழுந்தது. ரோஸ்லின் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, சத்தம் நின்னுபோச்சு."

சுகிர்தா நாற்காலியிலிருந்து இறங்கி, அட்டையில் எழுதியதை அடித்தாள். சுவரோரம் போய்த் தகட்டில் காதை வைத்தாள்.

"நிக்கல கண்ணு," என்றாள். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."